ஒதுக்கி வைத்த ஊர்

பெரஹர திருவிழாக் காலத்தில் கண்டி டவுனுக்குள் பெயிண்ட் வாங்க யாரும் வருவதில்லை. மத்தியானத்தோடு பாதைகளை அடைத்துவிடுவார்கள். கடைவாசல் முழுக்க ஊர்வலம் பார்க்க வருகிறவர்களுக்குக் கதிரை போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் பெரஹரவின் கடைசி நாட்களில் கடையையே மூடிவிடுவது என்று முதலாளி அஷ்பாக் முடிவெடுத்தார். பெயிண்ட் கலக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் திவாகரனைக் கூப்பிட்டு, "வீட்டாளயும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வாங்க திவா. கலியாணம் முடிச்சு ஒரு வருஷமாகுது. ஒரு நாளாவது லீவு எடுத்தீங்களா?" என்றார்.

எடுக்கவில்லைதான். கட்டுகலைப் பிள்ளையார் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டினார். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்விட்டார். கஜலட்சுமிக்கு அது குறையாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அது ஆசுவாசமாகத்தான் இருந்தது.

அவருக்கு நாற்பத்தேழு வயது. முதல் மனைவி நிஷாந்தி புற்றுநோயில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தர்ஷிகா என்று ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிறாள். கஜலட்சுமிக்கு நாற்பத்தொன்று, முதல் கல்யாணம். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாலர் பாடசாலை டீச்சராக இருந்து, தம்பிகள் ஒவ்வொருவரையாகப் படிக்கவைத்துக் குடும்பமாக்கி முடித்தபோது, தனக்கென்று ஒருவர் வருவார் என்ற நினைப்பே அவளிடம் மிச்சமிருக்கவில்லை. திவாகரனின் அக்கா வந்து பெண் கேட்டபோது, தம்பிகளில் ஒருவனுக்கு ஏதோ வேலை விஷயம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் அவருடைய வீடு. அவள் வருவதற்கு முன்பே எல்லா அறைக்கும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். திரைச்சீலைகள் புதிது. நிஷாந்தியின் படத்தை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். கஜலட்சுமி அந்த முகத்தைப் பார்த்ததே தர்ஷிகாவின் போன் திரையில்தான். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அப்பாவும் மகளும் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள், இவள் உள்ளே வந்தால் பேச்சு மாறிவிடும். தன்னை நோகடிக்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதுவும் கேட்டதில்லை.

திவாகரன் நல்ல மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அவளுக்குத் தலைவலி என்றால் மத்தியானச் சோற்றைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்பார். ஆனால் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்று தொடங்கிய 'நீங்க' ஒரு வருஷமாகியும் இறங்கவில்லை. பாலர் பாடசாலைக்கு வரும் இன்ஸ்பெக்டர்தான் அவளை அப்படி அழைப்பார்.

"பொலன்னறுவை போவோம். அங்கருந்து பாசிக்குடா. நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் அவர், முதலாளி லீவு சொன்ன அன்று மாலை.

"பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க, காலிமுகத்திடலுக்கு. அன்னைக்கு மழை. பஸ்ஸுக்குள்ள இருந்தே பார்த்தோம்."

"அது கணக்கில்ல," என்றார் அவர்.

"திருகோணமலைக்குப் போகலாமே. கோணேசர் கோவிலும் பார்த்த மாதிரி இருக்கும்."

"அது வேணாங்க. தூரம்."

கண்டியிலிருந்து பஸ் பாதையில் பாசிக்குடாதான் தூரம். அவள் அதைச் சொல்லவில்லை.

தர்ஷிகாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஊரே கண்டிக்கு வந்துகொண்டிருந்த நேரம். பாயும் சாப்பாட்டுப் பொதியுமாகச் சனத்தை ஏற்றிய பஸ்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எதிரே வரிசையாக நின்றன. இவர்கள் போன பஸ்ஸில் பாதி ஆசனம் காலி. மாத்தளை தாண்டி, தம்புள்ளையும் தாண்டியதும் பாதை நேராகிவிட்டது. வளைவே வராத பாதை கஜலட்சுமிக்குப் புதுசு. அடுத்த திருப்பத்துக்காக முன் ஆசனக் கம்பியைப் பிடித்த கை, பிடித்தபடியே இருந்தது.

"இனி விடலாம். வளைவு வராது," என்றார் திவாகரன். அவள் வெட்கத்தோடு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பொலன்னறுவையில் அவர்கள் தங்கிய வீட்டுக்காரர் மறுநாள் காலை இரண்டு சைக்கிளை வாசலில் நிறுத்தினார். பழைய நகரத்தை எல்லாரும் சைக்கிளில்தான் சுற்றிப் பார்ப்பார்களாம். கஜலட்சுமி தலையை ஆட்டினாள். மலையில் பிறந்தவர்கள் சைக்கிளுக்கு எங்கே போவது? திவாகரன் மட்டும், வாலிப வயதில் கொழும்பில் வேலை பார்த்தபோது ஓட்டியிருப்பதாகச் சொல்லி ஏறினார். "பின்னால உட்காருங்க, மெதுவாத்தான் போவேன்."

"முதல்ல நீங்க மட்டும் ஓட்டிக் காட்டுங்க," என்றாள் அவள்.

நல்லதாகப் போயிற்று. குளக்கரைப் பாதையில் கொஞ்சத் தூரம் நிமிர்ந்து உட்கார்ந்து போனார். திரும்பி அவளைப் பார்த்துக் கையசைத்தார். அந்தக் கையசைப்போடு சைக்கிள் புல்லுக்குள் இறங்கிச் சாய்ந்தது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, முழங்காலில் காற்சட்டை கிழிந்து, ஒரு செருப்பைக் காணாமல் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் இருந்தது வலியில்லை, அவமானம்தான். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

போத்தல் தண்ணீரால் காயத்தைக் கழுவித் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். பிள்ளைகளுக்குக் கட்டிக் கட்டிப் பழகிய கை. "எரியுதா?" என்று கேட்டு, பழக்கதோஷத்தில் காயத்தில் ஊதியும் விட்டாள். ஊதிய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

பிறகு ஒரு ஆட்டோ பிடித்துச் சுற்றினார்கள். அரண்மனையின் செங்கல் சுவர்களை அவள் சும்மா பார்த்துக்கொண்டு போனாள். சோழர் காலத்துச் சிவன் கோவிலில் யாரோ காலையில் லிங்கத்துக்குப் பூ வைத்திருந்தார்கள். அவளும் கீழே கிடந்த ஒரு அலரிப்பூவை எடுத்து வைத்துக் கும்பிட்டாள். கல்விஹாரையில்தான் அவளால் நகர முடியவில்லை. படுத்திருக்கும் புத்தரின் தலைக்குக் கீழே கல்லில் செதுக்கிய தலையணை. தலை அழுத்திய இடத்தில் அது கொஞ்சம் உள்வாங்கி இருந்தது.

"பார்த்தீங்களா? கல்லுத் தலகாணி அமுங்கியிருக்கு," என்றாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஆமா, இல்ல? நிஷாந்தி இதப் பார்த்திருந்தா…" என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார்.

வெயில் பாறையில் பட்டுத் தெறித்தது. பக்கத்தில் வெள்ளை உடுத்த சனம் பூத்தட்டுகளோடு நின்றது. கஜலட்சுமி அவர் சொல்லி முடிப்பார் என்று காத்திருந்தாள். அவர் ஆட்டோ நிற்கும் பக்கம் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

பாசிக்குடாவில் கடல் அவளைக் கேட்காமலே இழுத்துக்கொண்டது. அலை இல்லாத கடல். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் வரவில்லை. சல்வார் நனைவதைப் பற்றி யோசிக்காமல் போய்க்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தபோது கரை சின்னதாகியிருந்தது. கட்டுப்போட்ட காலோடு திவாகரன் கரையில் நின்று, வரச்சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் வராமல் அங்கேயே தண்ணீருக்குள் உட்கார்ந்தாள். தோள்வரை நீர். சின்ன மீன்கள் விரலுக்கிடையில் போயின. தன் வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

"இது எந்த நிறம்?" என்று கரைக்கு வந்ததும் கேட்டாள். கடையில் எந்த நிறத்தைக் கேட்டாலும் கலந்து கொடுக்கும் மனிதர் அல்லவா.

அவர் யோசித்தார். "இதக் கலக்க ஏலாது. கலந்தாலும் சுவர்ல அடிச்சா வேற மாதிரித் தெரியும்."

அன்று இரவுச் சாப்பாட்டை அவர்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவே சமைத்துப் போட்டார். மட்டக்களப்பு மனுஷி, கலகலப்பானவர். இறால் கறியை இன்னும் கொஞ்சம் கஜலட்சுமியின் தட்டில் வைத்தபடி, "உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார்.

"ஒரு மகள்," என்றார் திவாகரன்.

"பிள்ளை ஆர மாதிரி? உங்கள மாதிரியோ, தகப்பன மாதிரியோ?"

கேள்வி கஜலட்சுமியிடம். அவள் தர்ஷிகாவின் போன் திரையில் இருந்த முகத்தை நினைத்துக்கொண்டாள். "அவ அம்மா மாதிரி," என்றாள்.

"ஓம், அப்ப உங்கள மாதிரித்தான்," என்று அந்த அம்மா சிரித்தார்.

"இல்லீங்க. நான் ரெண்டாவது. அவங்க அம்மா காலமாயிட்டாங்க. நெத்தி, கண்ணு எல்லாம் அவங்கதான். அவ்வளவு அழகு."

வீட்டுக்கார அம்மா கையில் இருந்த கரண்டியோடு ஒரு கணம் நின்றார். "கடவுளே," என்று மெதுவாகச் சொல்லி, திவாகரனின் தட்டிலும் கொஞ்சம் கறி வைத்துவிட்டு உள்ளே போனார். திவாகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். நிறைய விளக்குகள் எரிந்தன, பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணலில் உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"திருகோணமலைக்கு நீங்க அவங்களோட போயிருக்கீங்க. அதனாலதான் வேணாம்னு சொன்னீங்க?"

அவர் மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டார். "ம்."

"பல தடவையா?"

"கல்யாணம் முடிஞ்சதும் போனோம். பிறகு தர்ஷிகா சின்னப்பிள்ளையா இருக்கும்போது. கடைசியா, மருந்தெல்லாம் குடுத்து முடிஞ்ச பிறகு கடல் பார்க்கணும்னு கேட்டா." குரல் இறங்கியது. "உங்கள அங்க கூட்டிட்டுப் போனா, நான் பழச நினைச்சுக்கிட்டு நிப்பேன். அது உங்களுக்குச் செய்ற நியாயமில்ல. உங்களுக்குன்னு எல்லாம் புதுசா இருக்கணும்னு நினைச்சேன்."

"நல்ல எண்ணந்தான். ஆனா இது சின்ன நாடு. இப்படி ஊர் ஊரா ஒதுக்கிக்கிட்டே போனா, நமக்குன்னு எந்த ஊருங்க மிஞ்சும்?"

அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"நான் ஒரு வருஷமா அவங்க சட்டியிலதான் சமைக்கிறேன். அவங்க அலுமாரியிலதான் என் சேலையெல்லாம் வச்சிருக்கேன். அவங்க பெத்த பிள்ளைக்குத் தலை பின்னி விடுறேன். ஆனா அவங்க யாரு, எப்படிப் பேசுவாங்க, எதுக்குக் கோவிப்பாங்க, ஒண்ணும் தெரியாது. நான் வந்தா நீங்க ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திடுறீங்க. அது யாரோ வீட்ல நான் இருக்கிற மாதிரி இருக்கு."

சொல்லி முடித்ததும் பயந்துபோனாள். இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று பார்த்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாழைச்சேனையில இருந்து காலையில திருகோணமலை பஸ் இருக்கும். கேட்டுப் பார்ப்போம்," என்றார்.

வாகரை, வெருகல் என்று பஸ் கடலை ஒட்டியே போனது. மூதூரும் கிண்ணியாவும் கடந்து, நீளமான பாலத்தில் ஏறியபோது இருபக்கமும் தண்ணீர். திவாகரன் தானாகப் பேசத் தொடங்கினார். நிஷாந்தி சத்தமாகப் பேசுவாளாம். பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவாளாம். சுகமில்லாமல் இருந்தபோதும் நேர்ஸ்மாரைச் சிரிக்கவைப்பாளாம். கஜலட்சுமி அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டாள். தான் அப்படி இல்லையே என்று ஒருபக்கம் மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தது. கேட்டதும் நான்தானே என்று அதை அடக்கிக்கொண்டாள்.

கோணேசர் கோவிலுக்குப் போகும் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் புள்ளிமான்கள் வழியில் நின்றன. திவாகரன் ஓரிடத்தைக் காட்டினார். கல்யாணம் முடிந்து வந்தபோது, நிஷாந்தியின் அர்ச்சனைத் தட்டில் இருந்த பூவையும் வாழைப்பழத்தையும் ஒரு மான் வந்து தின்றுவிட்டது. அவள் வெறும் தேங்காயோடு கோவிலுக்குப் போய், ஐயரிடம் மானைப் பற்றி முறையிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலுக்கு அருகே ஒரு மரத்தடியைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. கடைசித் தடவை நிஷாந்தியால் மேலே ஏற முடியவில்லை. அங்கேதான் உட்கார்ந்து, நீங்கள் இரண்டு பேரும் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அவரையும் மகளையும் அனுப்பியிருக்கிறாள்.

"திரும்பி வந்ததும், மேல எப்படி இருக்குன்னு கேட்டா. நான், எல்லாம் பழைய மாதிரித்தான்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்ல வாய் வரல," என்றார்.

கஜலட்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வீதியில், ஆட்கள் நடுவில், அப்படிப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. அப்படியே ஏறினார்கள்.

சாமி கும்பிட்ட பிறகு பாறையின் ஓரமாக வந்தார்கள். கீழே வெகு ஆழத்தில் கடல். அங்கே ஒரு மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டியிருந்தார்கள். பிள்ளை வேண்டி வருகிறவர்கள் கட்டுவது. திவாகரன் கொஞ்சம் பின்தங்கிக் கல்லில் சாய்ந்து நின்றார். நினைவில் எங்கேயோ போயிருந்தார். அவள் தனியாக மரத்தடிக்குப் போனாள். சிலவற்றில் துணி வெளுத்திருந்தது. காற்றில் எல்லாம் ஒன்றோடொன்று முட்டின. நிஷாந்தியும் இதில் ஒன்றைக் கட்டியிருப்பாளோ என்று நினைத்தாள். இவ்வளவு நேரமும் கதையாகக் கேட்டுக்கொண்டு வந்தது, இந்த இடத்தில் வலித்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கஜா, அங்க ஏன் தனியா நிக்கிற? இங்க வா, காத்து அடிக்குது."

அவர் சொல்வது தனக்குத்தான் என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. அவர் பக்கத்தில் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"கொஞ்சம் பொறாமையா இருக்கு."

"யார் மேல?"

"அவங்க மேலதான். போய்ச் சேர்ந்தவங்க மேல பொறாமைப்படக்கூடாதுன்னு தெரியும். நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன், அதுவும் தெரியும். ஆனா இருக்கு."

திவாகரன் தொட்டில்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்தது போல் இருந்தது. அவர் எதையும் இல்லையென்று மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நிஷாந்தியும் இப்பப் பொறாமைப்படுவா," என்றார் மெதுவாக. "மேல ஏறி வர முடியாமப் போச்சே அவளுக்கு. நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்திருக்க."

அவள் அழுதாள். அவர் சேலைத்தலைப்பை எடுத்து அவள் தலையைச் சுற்றிப் போர்த்திவிட்டு, அவள் அழுது முடியும் வரை காற்று வரும் பக்கமாக நின்றார். ஐஸ்கிரீம் விற்கிறவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை திவாகரன் வாங்கினார். கரைவதற்கு முன்னால் சாப்பிடும் அவசரத்தில் அழுகையும் நின்றது.

அங்கே இன்னும் இரண்டு நாள் இருந்தார்கள். நிலாவெளியில் குளித்தார்கள். பழைய கதை எதுவும் இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்து, இரண்டு நாளும் அங்கேயே போய்ச் சாப்பிட்டார்கள். கண்டிக்குத் திரும்பியபோது பெரஹர முடிந்துவிட்டிருந்தது. வீதிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வாவியைச் சுற்றிக் கட்டிய கம்பித் தடுப்புகளைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை வீட்டிலிருந்து தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கஜலட்சுமி அவசரமாகச் சோறும் பருப்பும் ஆக்கி, கொண்டுவந்த கருவாட்டைப் பொரித்தாள். மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள்.

"பாசிக்குடா நல்லா இருந்துச்சா சின்னம்மா?" என்று கேட்டாள் தர்ஷிகா.

"நல்லா இருந்துச்சு. பிறகு திருகோணமலைக்கும் போனோம்."

தர்ஷிகாவின் கை நின்றது. அப்பாவைப் பார்த்தாள். "அப்பா கூட்டிட்டுப் போனாரா?"

"நான்தான் கேட்டேன். அம்மா போன இடமெல்லாம் பார்க்கணும்னு."

தர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். கஜலட்சுமி அவளை அவசரப்படுத்தவில்லை. பருப்பை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அம்மாவுக்குக் கடலுக்குள்ள இறங்கப் பயம்," என்றாள் தர்ஷிகா திடீரென்று. "கணுக்கால் வரைக்கும்தான் போவாங்க."

"பயமா?" திவாகரன் நிமிர்ந்தார். "சேலை நனையும்னுதானே சொல்லுவா?"

"அது உங்களுக்குச் சொல்றது. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு. என்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னாங்க. அப்பாகிட்டச் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாங்க."

"இவ்வளவு வருஷமா எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு இன்னும் நிறையத் தெரியாது," என்றாள் மகள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டோரம் சிரிப்பும் வந்துவிட்டது.

"அப்ப சொல்லு, கேட்போம்," என்றாள் கஜலட்சுமி, அவளுக்கு இன்னொரு கருவாட்டுத் துண்டை எடுத்து வைத்தபடி.

தர்ஷிகா கையை நக்கிவிட்டு, கதிரையில் காலை மடக்கி உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள். திவாகரன் இடையிடையே "அப்படி இல்ல, அப்படி இல்ல" என்று திருத்தப் பார்த்தார். அவளும் விடவில்லை. மூன்று பேருடைய தட்டிலும் சோறு ஆறிப்போனது.